நூலகப் புத்தகத்தில் நான் அழித்த பென்சில் குறிப்புகள்

1993 ஆகஸ்டில் ஆரம்பித்து அடுத்த வருஷம் ஜூலையில் முடிந்த விஷயம் இது. நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு திருநெல்வேலி டவுணில். பள்ளி விட்டதும் பஸ் ஏறுவதற்கு முன்னால் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சின்னக் கிளை நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன். மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலியும், யாரும் என்னைக் கூப்பிடாத அரை மணி நேரமும் வீட்டில் கிடைக்காது, அங்கே கிடைக்கும்.

என் தங்கை கல்யாணமாகி டேராடூனில் இருந்தாள். டிசம்பரில் பிரசவம் என்று எழுதியிருந்தாள். எங்கள் அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வரவில்லை. நாங்குநேரியில் இருந்த அவள் மாமியார்தான் துணைக்கு அங்கே போனார். தாய் வீட்டிலிருந்து ஏதாவது போக வேண்டுமே. வெள்ளிக் கொலுசெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். டிசம்பர் மாதக் குளிரில் பிறக்கப் போகிற பிள்ளைக்கு என் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புவது என்று நான் முடிவு செய்தேன். அதுவரைக்கும் நான் பின்னல் ஊசியைக் கையால் தொட்டது கிடையாது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னது தப்பாகப் போயிற்று. திருநெல்வேலி வெயிலில் உல்லன் நூல் கண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எங்கள் பள்ளித் தையல் டீச்சருக்கோ லேஸ், குரோஷா, எம்பிராய்டரி எல்லாம் தண்ணி பட்ட பாடு. "கணக்கு டீச்சருக்கு எதுக்கு ஊசி? சாக்பீஸே போதும்லா" என்றார். கேலிதான், வேறொன்றும் இல்லை. ஆனால் நான் கேலியைச் சட்டென்று விடுகிற ஆள் இல்லை. "யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். புத்தகத்தைப் பாத்து நானே படிச்சுக்கிடுதேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

புத்தகம் பார்த்துப் பின்னல் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய வம்பு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்கள் பத்திரிகைகளில் இலவச இணைப்பாக வரும் பக்கங்களைச் சேகரித்தேன். பாதியில் "தொடர்ச்சி அடுத்த இதழில்" என்று இருக்கும், அந்த அடுத்த இதழ் மட்டும் எங்கும் கிடைக்காது. பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அதில் இருந்த சுருக்கெழுத்துகளுக்கு அல்ஜீப்ராவே தேவலாம் என்று இருந்தது. கடைசியில் நான் தினமும் உட்காருகிற அதே நூலகத்தில், சமையல் புத்தகங்களுக்குப் பின்னால், பச்சை பைண்டிங் போட்ட ஒரு தமிழ்ப் புத்தகம் அகப்பட்டது. அட்டையும் முதல் நாலு பக்கமும் இல்லை. எழுதியது யார் என்றுகூடத் தெரியாது. ஆனால் ஊசியில் கண்ணி என்கிற நூல் வளையங்களை ஏற்றுவதிலிருந்து கழுத்துப் பட்டி வரை எல்லாம் படம் போட்டு இருந்தது.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அளவு போட்ட பக்கமெல்லாம் பென்சில் எழுத்து. புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பாடப் புத்தகத்தில் கோடு போட்ட பிள்ளைகளை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். இதிலோ ஓரம், கீழ்ப்பகுதி, படத்துக்கு நடுவில் என்று ஓர் இடம் பாக்கி இல்லை. போதாததற்கு எழுத்துப் பிழைகள் வேறு.

ஆனால் இரண்டு நாள் அச்சில் இருந்ததை மட்டும் நம்பிப் பின்னிப் பார்த்ததில், பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பதிலாக அதன் அப்பாவுக்கே சேரும்போல ஒன்று வந்தது. அதற்குப் பிறகுதான் பென்சில் எழுத்தை வாசித்தேன். முதல் குறிப்பு இது: "இது வெள்ளக்கார பிள்ளைக்கி போட்ட அளவு. நம்ம பிள்ளைக்கி 84 கண்ணி வேண்டாம். 64 போதும்."

எங்கோ வெளிநாட்டில் எழுதிய அளவுகளை அப்படியே தமிழில் போட்டிருக்கிறார்கள் என்பதை அச்சடித்தவர் கவனிக்கவில்லை, கணக்கு டீச்சரான நானும் கவனிக்கவில்லை. பெயர் தெரியாத யாரோ ஒருவர் பின்னிப் பார்த்து, பிரித்து, மறுபடி பின்னிக் கண்டுபிடித்திருக்கிறார். பிறந்த பிள்ளையிலிருந்து பத்து வயது வரை ஒவ்வொரு அளவுக்கும் இப்படித் திருத்தம் இருந்தது. எண்ணிக்கை மட்டும் இல்லை. "கழுத்த கொறைக்காத. தல பெருசு, நொழையாது." "தோள் இறுகும். ஒரு நம்பர் பெரிய ஊசி எடு." ஒரு சிக்கலான வரிசைக்குப் பக்கத்தில், "இங்கன எந்திரிக்காத. யாரு கூப்ட்டாலும் முடிச்சிட்டு போ." அதை வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் கீழ்ப்படிந்தேன். நூலகத்தில் புத்தகத்தை மூன்று முறை புதுப்பித்து, நவம்பர் முதல் வாரத்தில் ஸ்வெட்டரை முடித்தேன். மஞ்சள் நிறம், முன்பக்கம் மூன்று பட்டன். ஆசிரியர் அறைக்குக் கொண்டு போய்க் காட்டினேன். தையல் டீச்சர் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார், தையல் சேரும் இடத்தை இழுத்துப் பார்த்தார். "பரவால்லயே, நானே ஒத்துக்கிடுதேன். எந்தப் புத்தகம் டீச்சர்? நானும் பாக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிறேன், அங்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, புத்தகத்தில் இருந்த பென்சில் எழுத்தை எல்லாம் ரப்பர் வைத்து அழித்தேன்.

ஏன் அழித்தாய் என்று கேட்டால் என்னிடம் தயாராகப் பதில் இருந்தது. நூலகச் சுவரில் "புத்தகங்களில் எழுதாதீர்கள்" என்று எழுதிப் போட்டிருக்கிறது. கடைசியாக எடுத்தவள் நான். பழி என் மேல்தான் வரும். நான் வளர்ந்த வீட்டில் புத்தகம் என்றால் சரஸ்வதி, கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம். எல்லாம் உண்மைதான். நல்ல ரப்பர், மெல்லத் தேய்த்தேன், ஒரு தாளும் கசங்கவில்லை. பதினோரு பக்கம். சாயங்காலம் புத்தகத்தைத் தட்டி ரப்பர்த் தூளை உதறியபோது ஏதோ புண்ணியம் செய்த மாதிரி இருந்தது.

தையல் டீச்சர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சா போட்டீங்க? அளவெல்லாம் தப்பால்லா இருக்கு" என்றார். "கணக்குப் போட்டுத் திருத்திக்கிட்டேன்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிசம்பரில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்வெட்டர் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தாள்.

அடுத்த மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பள்ளி இல்லை, காலையிலேயே நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒயர் கூடையோடு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நூலகரிடம், "அண்ணாச்சி, ஸ்வெட்டர் பின்னுத புஸ்தகம் ஒண்ணு இருந்துச்சுல்லா, பச்சை பைண்டு. அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

நூலகர் எடுத்துக் கொடுத்தார். அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். முதலில் வேகமாகப் புரட்டினார். அப்புறம் மெதுவாக. பிறகு ஒரு பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பழைய புஸ்தகந்தானா? புதுசு வாங்கிப் போட்டுட்டீங்களா?"

"அதேதாம்மா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"இதுல பென்சில்ல எழுதியிருந்துச்சே..."

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதான் எழுதினதா? சுவத்துல எம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டிருக்கு, பாக்கலையா? ஆளாளுக்கு எழுதினா புஸ்தகம் என்னத்துக்கு ஆகும்? யாரோ நல்ல மனுஷங்க உக்காந்து அழிச்சு வச்சிருக்காங்க."

அந்த நல்ல மனுஷி எதிரில் உட்கார்ந்து பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வாதாடவில்லை. "தப்புதான் அண்ணாச்சி" என்றார். கொஞ்ச நேரம் அந்த வெற்று ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அழிச்சவங்க யாருன்னு தெரியுமா? சண்டைக்கில்ல. அவங்க இதைப் பாத்து ஸ்வெட்டர் போட்டாங்களான்னு கேக்கணும். போட்டிருந்தா அந்த ஸ்வெட்டர்ல கண்ணியை எண்ணி அளவை எடுத்துருவேன்" என்றார்.

நூலகர் உதட்டைப் பிதுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, வெட்கம்தான். இத்தனை வருஷம் மற்றவர்களைத் திருத்தியே பழகிய எனக்கு, தப்பு செய்தவளாக எழுந்து நிற்கக் கால் வரவில்லை. அக்கா நோட்டையும் பேனாவையும் கூடையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டார். அப்போதுதான் எழுந்து போய், "நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலில் கேட்டது, "ஸ்வெட்டர் சரியா வந்துச்சா?" என்றுதான்.

உள்ளே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். இருப்பது மணிமுத்தாறுக்கு மேலே, மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில். கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஆயா வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் மேல் மரம் விழுந்து, கால் முறிந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்திருக்கிறார். பகலில் வார்டுக்குள் விட மாட்டார்கள். போக்கிடம் இல்லாமல் இந்த நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தவர், இந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பின்ன ஆரம்பித்திருக்கிறார். வெளியூர் என்பதால் உறுப்பினர் அட்டை கிடையாது. இங்கேயே உட்கார்ந்து, இடையில் ஒரு நாள் மலைக்குப் போய் எஸ்டேட் பிள்ளைகளை அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை பின்னிப் பிரித்துப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

"அதை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்டேன். இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று அப்போது தோன்றவில்லை.

"எங்க வீட்டுல பேப்பர் நிக்காது டீச்சர். சாரல் காலத்துல ரேஷன் கார்டே பூஞ்சை புடிச்சுப் போச்சு. இங்கன இருந்தா பத்திரமா இருக்கும், லைபிரரி புஸ்தகம் எங்க போகப் போவுதுன்னு நெனச்சேன். வேணுங்கும்போது வந்து பாத்துக்கிடலாம்லா."

மலையில் நனைந்து போகிற ஒன்றை, இந்த மாவட்டத்திலேயே பத்திரமான இடம் இதுதான் என்று நம்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வேலை மெனக்கெட்டு அழித்தவள் நான்.

இப்போது எதற்கு அது வேண்டும் என்பதையும் சொன்னார். எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் டவுணில் ஒரு கடையில் ஸ்வெட்டர் வாங்குவார்கள். இந்த வருஷம் இவர் எஸ்டேட் அதிகாரியிடம் போய், நூலை வாங்கிக் கொடுங்கள், எங்கள் பெண்களே பின்னித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. ஜூன் மழைக்கு முன்னால் முப்பது ஸ்வெட்டரும் கைக்கு வர வேண்டும். வந்தால் இனி ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கே. பின்னத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இன்னும் ஒன்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொழுந்து இல்லாத நாளில் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. இதெல்லாம் அந்தப் பதினோரு பக்கத்தை நம்பி ஒத்துக்கொண்டது.

"மறுபடி பின்னிப் பிரிச்சுக் கண்டுபுடிக்கலாம். ஆனா அதுக்கு எனக்கு ஏழு வாரம் ஆச்சு டீச்சர், அதும் வேற சோலி இல்லாம" என்றார். அப்போது பின்னிய ஸ்வெட்டர்களும் இல்லை. பிள்ளைகள் வளர வளரப் பிரித்து, அதே நூலில் பெரிதாகப் போட்டாயிற்று.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அழுத்தி எழுதியிருந்தால் தாளில் பள்ளம் இருக்கும். பென்சிலைப் படுக்க வைத்து மேலாகத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். நூலகரிடம் ஒரு பென்சில் கேட்டேன். எதற்கு என்று பார்த்தவர் பதறிப்போய், "டீச்சர், நீங்களுமா? ஒரு பக்கம் அழிக்கீங்க, ஒரு பக்கம் கிறுக்குதீங்க!" என்றார். அந்த ஒரு நாள்தான் நான் நூலக விதியை மீறியது. அதிலும் முழுப் பலன் இல்லை. பதினோரு பக்கத்தில் நாலு பக்கம்தான் தேறியது. மற்றதை அவ்வளவு நன்றாக அழித்திருந்தேன்.

மிச்சத்துக்கு வழி டேராடூனில் இருந்தது. ஒரு ஸ்வெட்டராவது கையில் இருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு குறைப்பது என்ற முறை பிடிபட்டுவிடும், மற்ற அளவுகளுக்கு அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்று அக்கா சொன்னார். மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டு, ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்பு, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் அவள் மாமியார் போனை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளைக்குப் போட்டதைத் திருப்பிக் கேக்குத வழக்கம் உங்க வீட்டுல இருக்கோ? எங்க பக்கம் இல்ல பாத்துக்கோ."

தாய் வீட்டிலிருந்து போன முதல் துணி. அதைத் திரும்பக் கேட்பது எவ்வளவு அபசகுனம் என்று எனக்குத் தெரியாதா என்ன? என்ன காரணம் சொன்னாலும் அந்த அம்மாளுக்கு ஏறவில்லை. நான் செய்த காரியத்தை முழுதாகச் சொல்லியிருந்தால் ஏறியிருக்குமோ என்னவோ, அதை நான் சொல்லவில்லை. வீட்டில் பெரிய சண்டையாகி, தங்கை அழுது, கடைசியில் மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து பார்சல் போட்டார். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் மலையில் நூல் கண்டுகள் பிரிக்காமல் கிடந்தன. எஸ்டேட்டில் வேலை முடிந்ததும் ஸ்வெட்டரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினேன். ஆனால் குழந்தைக்கு அதை அவர்கள் மறுபடி போடவே இல்லை என்று தங்கை பின்னால் எழுதினாள்.

மே மாத விடுமுறை தொடங்கியதும் புத்தகத்தையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு எஸ்டேட் பஸ் ஏறினேன். கூடவே நான் தயாரித்த ஓர் அட்டவணையும் இருந்தது. கைக்குழந்தையின் அளவை வைத்து, நாலு வயது முதல் பத்து வயது வரை விகிதம் போட்டு, கண்ணி எத்தனை, வரிசை எத்தனை என்று மூன்று நாள் உட்கார்ந்து கணக்கிட்டது. செய்த தப்புக்கு இது ஈடாகிவிடும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை.

அக்கா அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரு பையனைக் கூப்பிட்டு நிறுத்தினார், ஒரு கைக்குழந்தையையும் தூக்கி வைத்துக்கொண்டார். முடிச்சுக் கயிற்றை இரண்டு பேர் நெஞ்சிலும் தலையிலும் சுற்றிக் காட்டினார். நெஞ்சளவு எங்கோ போயிருந்தது. தலை கொஞ்சம்தான் கூடியிருந்தது.

"உங்க கணக்குப்படி போட்டா கழுத்து வழியா ரெண்டு பிள்ளை போகலாம் டீச்சர்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வேறு இடமாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை.

நாலு நாள் அங்கே தங்கினேன். அக்கா அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அட்டவணையில் உடம்பு வரிசைகள் மட்டும் தேறின. கழுத்து, தோள், கைக்குழி எல்லாம் மறுபடி பின்னிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. மூன்று நோட்டுகளில் ஒரே மாதிரி எழுதினோம். ஒன்று அவருக்கு, தகரப் பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்க. ஒன்று எனக்கு. ஒன்று நூலகத்துக்கு, புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைக்க. அதற்கு நூலகரிடம் நான் முன்கூட்டியே கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன்.

கடைசி நாள் பஸ்ஸுக்காக நின்றபோது பெண்கள் எல்லாம் கொழுந்துக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் பின்னிக்கொண்டே என் பக்கத்தில் நின்றார். அவரிடம் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. நூலக விதிக்காக மட்டும் நான் அதை அழிக்கவில்லை என்றேன். பள்ளியில் தையல் டீச்சரிடம் நானாகவே கற்றுக்கொண்டேன் என்று பீற்றிக்கொண்டதையும், அவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிடக் கூடாது என்று இருந்ததையும் சொன்னேன். இதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றார். "ரூலுக்காக அழிக்கவங்க ரெண்டு பக்கம், மூணு பக்கம் அழிப்பாங்க, அப்புறம் சலிச்சுப்போய் விட்டுருவாங்க. நீங்க ஒண்ணு விடாமல்லா அழிச்சிருந்தீங்க."

வார்த்தையில் சூடு இல்லை. இந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார், அவ்வளவுதான். பஸ் வந்தது, நான் ஏறிக்கொண்டேன்.

ஜூலையில் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. அதே எழுத்து, அதே பிழைகள். மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது, இருபத்திரண்டு ஸ்வெட்டர் முடிந்தது, எட்டுக்கு நாள் பத்தவில்லை என்று எழுதியிருந்தார். அந்த எட்டையும் கடையில் வாங்கிவிட்டார்களாம். சொன்ன நாளுக்குள் வேலை முடியாததால் அடுத்த வருஷத்திலிருந்து மொத்தமும் கடையிலேயே வாங்கிக்கொள்வதாக அதிகாரி சொல்லிவிட்டாராம். நான் பார்சலுக்காகக் காக்க வைத்த மூன்று வாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், தங்கச்சி பிள்ளை இப்போது வளர்ந்திருக்கும், புதிதாகப் போட்டால் கைக்குப் பத்து வரிசை கூட்டிக்கொள்ளவும் என்று எழுதி, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்.

மூன்று வாரத்தில் பத்துப் பெண்களுக்கு எட்டு ஸ்வெட்டர் பின்னுவது ஒரு பொருட்டே இல்லை; இந்தக் கணக்கை மட்டும் நான் தப்பில்லாமல் போட்டேன். பதில் கடிதத்தில் அதை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் பின்னலைப் பற்றித்தான் பதில் எழுதினார். தையல் டீச்சரிடம் அந்த வருஷம் பள்ளி திறந்ததுமே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "அதுக்கென்ன டீச்சர், எல்லாரும் யாரையாவது பாத்துப் படிச்சதுதானே" என்று சொல்லிவிட்டு தையல் வகுப்புக்குப் போய்விட்டார். அவ்வளவு லேசான விஷயத்துக்காகத்தான் நான் பதினோரு பக்கத்தை அழித்திருந்தேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; ஆனாலும் நியாயமான காரணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு எந்த வேலையையாவது ஒன்றுவிடாமல், அலுக்காமல் செய்கிறேன் என்று தெரிந்தால், கையை நிறுத்தி, இதற்கு என்னிடம் இன்னொரு காரணம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மேலே செய்கிறேன், பெரும்பாலும் இருக்கிறது.